சாவி தேடுத சாமி

ஏலே, இங்கன வா. இப்படித் திண்ணையில உக்காரு. விடிஞ்சதுல இருந்து பாக்கேன், வீட்டையே தலகீழாப் பொரட்டுதிய. கட்டிலுக்கு அடியில கெடந்த தட்டுமுட்டுச் சாமானெல்லாம் முத்தத்துக்கு வந்தாச்சு. என்னத்தத் தொலைச்ச? பைக்குச் சாவியா? அதுக்கா உன் பெண்டாட்டி அந்தோணியார் படத்துக்கு முன்னால திரி கொளுத்தி வச்சிருக்கா?

நேத்துப் போட்ட சட்டைப் பையில பாத்தியா? பாக்கல. சட்டை எங்க? வாசிங் மிசின்ல சுத்திக்கிட்டுக் கெடக்கு. நல்லாருக்குடே. அந்தோணியாரு வந்து மூடியத் தொறந்து கைய விடணுமாக்கும்?

அவரு யாருன்னாவது தெரியுமா உனக்கு? பதுவா அந்தோணியாருங்கோம். பொறந்தது பதுவாவுல இல்லலே, போர்த்துக்கல் சீமையில லிஸ்பன் பட்டணம். 1195-ல. பெத்தவுக வச்ச பேரு பெர்னாந்து. நம்ம கடக்கரையில கல்லெடுத்து எறிஞ்சா ஒரு பர்னாந்து மேலதான விழும், அதே பேருதான். மொராக்கோவுக்குப் போயி வேதசாட்சியாச் சாவோம்னு கப்பல் ஏறினாரு. போன எடத்துல காய்ச்சல் போட்டுப் படுக்க வச்சிட்டு. திரும்புகாலுல காத்து அடிச்ச அடியில கப்பலு சிசிலித் தீவுல போயி ஒதுங்குச்சு. பொறவு இத்தாலியில ஒரு மலை மடத்துல அடுப்படி வேலை, ஏனம் கழுவுத வேலை. அம்புட்டுப் படிச்ச மனுசன்! அவரு படிப்பு அங்க ஒருத்தருக்கும் தெரியாது, அவரும் மூச்சு விடல. நீ பத்து நாள் ஆன்லைன் கோர்ஸு முடிச்சதுக்கு ஸ்டேட்டஸு போட்டியே, அமெரிக்காவுல கெடக்க உன் சித்தப்பன் எனக்குப் போன் போட்டு விசாரிச்சான்.

சரி, காணாமப் போன சாமானுக்கு அவர எதுக்குக் கூப்பிடுதோம்? அது ஒரு கதை. அவரு கைப்பட குறிப்பெழுதி வச்ச சங்கீதப் புஸ்தகம் ஒண்ணு இருந்துச்சாம். அந்தக் காலத்துல புஸ்தகம்னா சும்மாவா? அச்சா, ஜெராக்ஸா? எல்லாம் கையால எழுதுனது. மடத்துல சேந்த புதுப்பையன் ஒருத்தன் அதத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான். இவரு செபம் பண்ணினாரு. புஸ்தகம் வந்துட்டு. எப்படி வந்துச்சு? றெக்க மொளச்சுப் பறந்தா வந்துச்சு? களவாண்ட பய மனசு கேக்காம அவனே கொண்டாந்து குடுத்தான்லே! மடத்துக்கும் திரும்பி வந்துட்டான்னு சொல்லுவாக.

அந்த எடத்த மட்டும் எல்லாரும் தாண்டிப் போயிருதியளே, ஏன்? உவரி அந்தோணியார் கோயில்ல செவ்வாக்கெழம போயி நின்னு பாரு. கடக்காத்துல திரி நிக்காது, கூட்டம் நிக்கும். காவி கட்டினவன், மொட்ட போட்டவன், பதிமூணு செவ்வா ஒருசந்தி இருக்கவன். செயினத் தொலைச்சேன், பத்திரத்தத் தொலைச்சேன்னு தொலைச்சவன் பூராவும் வாறான். எடுத்தவன் ஒருத்தனாவது வாறானா? சாமி, அடுத்தவன் வயக்காட்டுக் கல்ல ஒரு முழம் தள்ளி நட்டுட்டேன், எடுத்து வைக்கத் தெம்பு குடும்னு கேட்டு ஒரு திரி எரியுதா? எங்க காலத்து உபதேசியாரு பெரம்ப வச்சிக்கிட்டுச் சொல்லிக் குடுப்பாரு. களவு செய்யாதேங்கிற ஏழாம் கற்பனைய மீறினா பாவசங்கீர்த்தனத்துல சொன்னா மட்டும் பத்தாது, எடுத்த பொருளத் திருப்பிக் குடுக்கணும்பாரு. இப்ப முன்பாதி மட்டும் ஞாபகம் இருக்கு.

இன்னொண்ணு கேளு. திருநாளுக்குத் தேரு சோடிக்க, சீரியல் பல்பு போட, ஒரு பெரியமனுசன் அள்ளிக் குடுத்தான். ட்யூப்லைட்டுல வெளிச்சம் தெரியல, அவன் பேருதான் தெரிஞ்சுது. தொழிலு? கந்துவட்டி. கும்புடுதது அந்தோணியாரத்தான். அந்தோணியாருக்கு ஆகாதது எது தெரியுமா? அதே வட்டிதாம்லே. கடங்கட்ட ஏலாதவன செயில்ல போட்டுப் பூட்டி வைக்க சட்டம் பதுவாவுல இருந்துச்சு. உள்ளத எல்லாம் எழுதிக் குடுத்தவன உள்ள போடக் கூடாதுன்னு இவரு மல்லுக்கட்டி, 1231 மார்ச் 15-ல சட்டத்தயே மாத்த வச்சாரு. அடுத்த மூணு மாசத்துல, ஜூன் 13, ஆளு போயிட்டாரு. கருமி ஒருத்தன் செத்தப்ப நெஞ்சத் தொறந்து பாத்தா இருதயத்தக் காணுமாம், பணப்பெட்டிக்குள்ள கெடந்துச்சாம்னு ஒரு கதையும் உண்டு. தொனத்தெல்லோங்கிற சிற்பி அத வெங்கலத்துல வார்த்து, பதுவாக் கோயில் பீடத்துல வச்சிருக்கான். நம்ம பெரியமனுசன் சுத்துலா போயி அதுக்கு முன்னால செல்பி எடுத்தாலும் எடுப்பான்.

இப்ப வட்டிக்கடை போனுக்குள்ளயே வந்துட்டு. கட்டலன்னா உன் மாமனாருக்கும் மேனேஜருக்கும் போன் போட்டு மானத்த வாங்குதான். அதுக்கு எந்த அந்தோணியாரு வந்து மல்லுக்கட்டப் போறாரோ!

சாமியளு எல்லாம் பழசுங்கிய. சரிப்பா, புதுசத்தான் பாப்போம். 2025 செப்டம்பர்ல கார்லோ அக்கூட்டிஸ்னு ஒரு பயலுக்குப் புனிதர் பட்டம் குடுத்தாகல்லா, சீன்சும் சப்பாத்தும் போட்ட பய, பதினஞ்சு வயசுல செத்தவன். அவன் படம் உன் போனு மூஞ்சியில கெடக்கு, பாத்தேன். அந்தப் பய கேம் வெளையாட வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான்னு தனக்குத்தானே வரம்பு வச்சிருந்தானாம். நீ நேத்து ராத்திரி எத்தன மணிக்குப் படுத்த? இல்ல, சும்மா கேட்டேன்.

மிசினு நின்னுட்டு பாரு. போயித் தொற... ஆங், கெடச்சிட்டா? சிரிக்காத. குளிச்ச சாவி நல்லாத்தான் ஓடும்.

நில்லு, நில்லு. முத்தத்துல கெடக்க அந்த எவர்சில்வர் அண்டாவ இப்படித் திருப்பு. விளிம்புல ரெண்டு எழுத்து வெட்டியிருக்கா? அது நம்ம வீட்டு எழுத்து இல்லலே. உன் அத்தை கலியாணத்துக்குச் சோறு பொங்கக் கெழக்குத் தெருவுல வாங்கினது. அத்தைக்கு இப்பப் பேத்தி இருக்கு. அந்த வீட்டுக்காரி அண்டாவக் காணும்னு எத்தன திரி கொளுத்தினாளோ.

நல்லாப் புளி போட்டு வெளக்கி, பைக்குல பின்னால கட்டிக் கொண்டு குடுத்துட்டு வா. யாரு குடுத்து விட்டான்னு கேட்டா, தாத்தா தூங்குதாருன்னு சொல்லு.