சும்மா இருத்தல் சூத்திரம்: செம்முட்டிச் சிலந்தி சட்டை உரித்ததற்கு ஓர் உரை

மூலநூல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. மஞ்சள் சீட்டு, ஆசிரியர் என் பேரன், வயது பதினொன்று, மொழி ஆங்கிலம், இடம் கனடாவில் டொரன்டோவை அடுத்த மிசிசாகா, காலம் ஒரு ஜனவரி. மகளும் மருமகனும் பேரனும் ஆறு நாள் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பினார்கள். வீட்டையும், பேரன் வளர்க்கும் டரான்டுலாவையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கும் என் மனைவிக்கும் வந்தது. முப்பது வருஷம் தமிழ் நடத்தியவன் கையில் நாலு வரி கிடைத்தால் உரை எழுதாமல் விடமாட்டான். சீட்டின் நாலு வரியையும் நூற்பாவாக்கி உரை கண்டுள்ளேன். உரையாசிரியர் எல்லாரும் தாம் உரைக்கும் பொருளைக் கண்ணால் கண்டவர்கள் என்று சொல்வதற்கில்லை. நான் கண்டதோடு நில்லாமல் கையும் வைத்துக் கெடுத்தவன் என்பது இவ்வுரையின் தனிச்சிறப்பு.

முதலில் பெயர். டரான்டுலா என்ற சொல் இத்தாலியின் தாரந்தோ நகரிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்து ஓநாய்ச் சிலந்திக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கடிபட்டதாக நம்பியவர்கள் விஷம் இறங்க ஆடிய ஆட்டத்திலிருந்து தாரந்தெல்லா என்றொரு நடனமே உண்டாயிற்று. பிற்பாடு அமெரிக்கக் கண்டங்களில் மயிரடர்ந்த பெரிய சிலந்திகளைக் கண்ட ஐரோப்பியர் அதே பெயரை அவற்றுக்கும் சூட்டிவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பெயர் இவற்றுக்கே உரியதாகிவிட்டது. பேரனுடையது மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கத்து இனம். உடல் கறுப்பு, கால் முட்டிகளில் மட்டும் செம்மஞ்சள் பூசியது போல இருக்கும். ஆகவே செம்முட்டிச் சிலந்தி என்று வழங்குகிறேன். பல வருஷம் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரில் வீடுகளில் வளர்க்கப்பட்டவற்றில் பெரும்பான்மை உண்மையில் பிராக்கிபெல்மா ஹமோரி என்று 2017இல் தீர்ப்பாயிற்றாம். எந்த நூல் எந்த ஆசிரியருடையது என்ற வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று என்பதில் எனக்கொரு நிம்மதி. காட்டிலிருந்து பிடித்து விற்றுத் தீர்த்துவிடுவார்கள் என்று 1985இலேயே இதன் வாணிபத்தை சைட்டிஸ் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பேரனுடையது வளர்ப்பில் பிறந்தது.

என் மனைவி அதை எட்டுக்கால் பூச்சி என்றாள். பூச்சிக்கு ஆறு கால்தான் என்று மறுத்தேன். அவள் கண்ணாடிக்கு அருகில் போய் நிதானமாக எண்ணி, "பத்து இருக்குங்க" என்றாள். முன்னால் உள்ள இரண்டும் கால் போலத் தோன்றும் உணருறுப்புகள் என்று விளக்கினேன். "அப்ப அதுக்குத்தான் கணக்குத் தெரியலையா?" என்றாள். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

முந்துநூல்கள் நமக்கு உதவவில்லை. திருவானைக்கா தலபுராணம் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தியைப் பேசுகிறது. அதை அழித்த யானையோடு அது போரிட்டதையும், மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகி யானை ஏறமுடியாத மாடக்கோயில்கள் கட்டியதையும் பேசுகிறது. அத்தனை நாளில் அச்சிலந்தி ஒருமுறையாவது சட்டை உரித்ததா என்பது பற்றி ஒரு சொல் இல்லை. 1705இல் மரியா சிபில்லா மெரியன் வெளியிட்ட சூரினாம் நூலிலோ பெரிய சிலந்தி ஓர் ஓசனிச்சிட்டைத் தின்னும் படம் இருக்கிறது. தின்பதைத்தான் எல்லாரும் வரைகிறார்கள்.

இனி நூற்பா.

*உண்ணா திருப்பின் ஊட்டல் வேண்டா;*
*தண்ணீர்க் கிண்ணம் தளும்ப வைக்க.*

(இ-ள்) சட்டை உரிக்கும் காலம் நெருங்கினால் டரான்டுலா வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாது. மயிர் உதிர்ந்து வழுக்கையாக இருக்கும் வயிற்றின் மேற்புறம் கருத்துவரும். உள்ளே புதுத் தோல் தயாராகிறது என்று பொருள். தரையில் பட்டுப் பாய் ஒன்று பின்னி விரிக்கும். உயிருள்ள சிள்வண்டைப் பெட்டிக்குள் விடக்கூடாது. சட்டை கழற்றிக் குழைந்து கிடக்கும் சிலந்தியைச் சிள்வண்டு கடித்துத் தின்னும். தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும் என்றவாறு.

முதல் வரியை என் மனைவி ஏற்கவில்லை. "ரெண்டு மாசமா ஒண்ணும் சாப்பிடலையாமே, வாயில்லா ஜீவன்" என்று ஒரு பருக்கை சாதத்தைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் வரியை மீறியவன் நான். வந்த அன்றே அந்தச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்தேன். நம் ஊரில் டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து தேங்காய்ச் சிரட்டையையும் டயரையும் கவிழ்த்துவிட்டுப் போவார்களே, அந்தப் பழக்கம். கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்துவைத்தேன். வெளியே மைனஸ் 18 டிகிரி. எந்தக் கொசு வரும் என்று அந்த நேரத்தில் யோசிக்கத் தோன்றவில்லை. வீட்டுக்குள்ளோ ஹீட்டர் இராப்பகலாக ஓடி, உதடு வெடிக்கும் வறட்சி.

*மல்லாந்து கிடப்பது மாய்தல் அன்றே;*
*கால்மடித் தொடுங்கலே கழிதல் என்ப.*

(இ-ள்) மல்லாந்து கிடந்தால் சட்டை உரிக்கிறது. கால்களை உடம்புக்கடியில் மடக்கிக் குவிந்திருந்தால் இறந்துவிட்டது. சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடம்பின் திரவத்தை அழுத்தித்தான் நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தம் போகும், கால் தானாக மடங்கும். பிற உயிர்கள் செத்தால் மல்லாந்துவிடும். இது பிழைப்பதற்கு மல்லாந்து கிடக்கிறது.

மூன்றாம் நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு என் மனைவி, "ஏங்க, போயிடுச்சுங்க" என்று கூப்பிட்டாள். தலைக்குக் குளிக்க வேண்டுமா என்றும் கேட்டாள். நான் சீட்டைக் காட்டி மேற்படி நூற்பாவைச் சொன்னேன். இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பதினோரு மணிக்கு மேல் முதுகின் ஓடு சம்புடத்தின் மூடி போல விளிம்பில் விட்டுத் திறந்துகொண்டது. வயிற்றிலிருந்து திரவத்தை முன்னால் தள்ளித் தள்ளித்தான் அந்த மூடியைப் பெயர்க்கிறது. பிறகு கையுறையிலிருந்து விரலை உருவுவது போலக் கால்களை ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மயிரிழை உருவியது. பாம்பு சட்டை உரிப்பது என்கிறோமே, அது மேல்சட்டையோடு சரி. டரான்டுலா வாய், தொண்டை, உறிஞ்சும் இரைப்பை இவற்றின் உள்வரிச் சவ்வையும், மூச்சுவிடும் புத்தக நுரையீரலின் சவ்வையும் சேர்த்துக் கழற்றுகிறது. கோட்டு மட்டுமல்ல, கோட்டின் உள்துணியும் பையும் பொத்தானும்.

*தொடற்க.*

ஒரே சொல். மூலத்தில் இதன் பின் மூன்று வியப்புக்குறிகள் உள்ளன. அடியில் இரண்டு கோடு. நூற்பா சுருங்கியிருப்பதால் பொருள் சிறியது என்று கொள்ளற்க. சும்மா இருத்தல் பற்றித் தாயுமானவர் முதலானோர் எவ்வளவோ பாடியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், கண்ணெதிரே ஓர் உயிர் திணறும்போது சும்மா இருந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இரவு ஒன்றரைக்குள் ஆறு கால் வெளியே வந்துவிட்டது. இடப்பக்கத்து மூன்றாம் காலும் நான்காம் காலும் வரவில்லை. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் இடையே ஒரு திரவம் சுரந்து வழுக்கிக்கொடுக்க வேண்டும். அது காய்ந்துவிட்டால் தோல் பிடித்துக்கொள்ளும். இரண்டரை வரை அசைவில்லை. என் மனைவி விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள். பிரசவம் பார்த்த கை அவள் மாமியாருடையது. அந்தப் பரம்பரை பேசுகிறது. நான் கவிழ்ந்த கிண்ணத்தைப் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை. ஃப்ளோரிடாவுக்கு வீடியோ கால் போட்டோம். நடுராத்திரியில் பெற்றோர் கூப்பிட்டால் மகள் என்ன நினைப்பாள்? எடுத்ததுமே அழுதுவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்திப் பேரனை எழுப்பக் கால்மணி நேரம் ஆயிற்று.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே பார்த்தான். "ஆயில் வேண்டாம் பாட்டி, அது மூச்சு விடற இடத்தை அடைச்சிடும்" என்றான். தொடற்க என்ற தன் நூற்பாவுக்கு அவனே ஒரு புறனடை சொன்னான்: அவனுடைய வாட்டர்கலர் பெட்டியில் மிகச் சன்னமான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், பிடித்துக்கொண்ட மூட்டில் மட்டும் ஒரு சொட்டு, வயிற்றில் ஒரு துளிகூடப் படக்கூடாது, மல்லாந்து கிடப்பதால் மூச்சுத் துவாரம் நான்கும் மேலேதான் இருக்கின்றன, எதையும் இழுக்கக்கூடாது. "தாத்தா, நீங்க வேண்டாம். உங்க கை நடுங்குது. பாட்டி."

அப்புறம் நடந்ததை நான் எழுதத்தான் வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கை அது. பிரஷ் நுனியில் ஒரு துளி தொங்கி, மூட்டைத் தொட்டதுமே தோல் அதைக் குடித்துவிடும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று. இடையில் அவள் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள், தானாக நீண்டுவிடுமாம். நான்கரைக்கு நான்காம் கால் வெளுத்த வாழைத்தண்டு நார் போல வழுக்கி வந்தது. மூன்றாவது வரவேயில்லை. விடியும்போது சிலந்தி தானே புரண்டு நிமிர்ந்து, பழைய தோலைக் கொஞ்ச தூரம் இழுத்தது, நின்றது. பிறகு அந்தக் காலை அடியோடு கழற்றி விட்டுவிட்டது. அந்த இடத்தில் நீலம் கலந்த ஒரு சொட்டு. அதன் குருதியில் இரும்புக்குப் பதில் செம்பு. சற்று நேரத்தில் காயம் தானே அடைத்துக்கொண்டது. "அடுத்த தடவை உரிக்கறப்போ சின்னதா முளைக்கும்" என்றான் பேரன்.

இரண்டு நாள் கழித்து வந்தவர்கள் பெட்டிக்குள் இரண்டு சிலந்தி இருப்பதாக ஒரு கணம் திகைத்தார்கள். கழற்றிய சட்டை அவ்வளவு முழுசு. பேரன் கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. தோலை நீரில் ஊறவைத்து விரித்து, உருப்பெருக்கியில் வயிற்றுப் பக்கத்தை நோக்கி, விந்து சேமிக்கும் பையின் சவ்வு இருக்கிறது, ஆகவே பெண் என்று அறுதியிட்டான். பெண் என்றால் இருபது வருஷத்துக்கு மேலும் இருக்குமாம். ஆணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தச் சவ்வு ஒவ்வொரு முறையும் கழன்றுவிடுவதால், கூடிய பெண்ணும் சட்டை உரித்தபின் கன்னியாகிவிடுகிறது. தொல்காப்பியத்துக் கற்பியலில் இதை எங்கே வைப்பது என்று யோசித்தபடி நானும் அத்தோலைத் தடவிப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த கொட்டும் மயிர் விரலிடுக்கில் ஏறி மூன்று நாள் அரித்தது. கண்ணைத் தேய்க்காமல் இருந்தேன். மற்றபடி ஆய்வாளனுக்கு இதெல்லாம் கூலி.

*வெண்பல் கருக்கும் காறும் விருந்தில்.*

(இ-ள்) உரித்த புதிதில் கடிக்கும் பல் பால்போல வெள்ளையாகவும் மெத்தென்றும் இருக்கும்; பிறகு சிவக்கும், பிறகு கருக்கும். கருத்து இறுகும் வரை ஒன்றிரண்டு வாரம் இரை தரலாகாது என்றவாறு.

இந்த நூற்பாவை மீறியவர் மூல ஆசிரியரே. எட்டாம் நாள் சிள்வண்டு டப்பாவோடு வந்தான். பல் சிவப்பாகத்தான் இருந்தது. டப்பா அவன் கையிலிருந்து போயிற்று. அன்று முதல் அது அலமாரியின் மேல் தட்டில், இட்லிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. இரவெல்லாம் சமையலறை கிர்ரென்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இப்போது மஞ்சள் சீட்டு இல்லை. அந்த இடத்தில் பால் பாக்கெட்டின் பின்பக்கத்தில் என் மனைவி பேனாவால் அழுத்தி எழுதியது ஒன்று ஒட்டியிருக்கிறது: "பச்சை உடம்பு. பத்தியம்."

பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டியின் சீட்டை உரித்தெடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தாத்தா, இதுக்கு என்ன மீனிங்?" என்றான். பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.