ஓடாத காருக்கு இத்தனை ஓட்டமா?

கேள்வி: என் கணவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து, 24-ல் 1 பங்கு அளவில் பிளாஸ்டிக் கார் ஒட்டுகிறார். டேஷ்போர்டு முள்ளுக்குக்கூட பெயின்ட்! ஓடாத காருக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

பதில்: ஓடாததுதான் லாபம் அம்மா. பெட்ரோல் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, பார்க்கிங் சண்டை இல்லை. 4.3 மீட்டர் கார் சுமார் 18 சென்டிமீட்டரில் அடங்கி, அலமாரியில் சமர்த்தாக நிற்கிறது. மெனக்கெடல் என்றால் ஜப்பானின் டாமியா மாடல் நிறுவனத்தைப் பாருங்கள். 1976-இல் வந்த போர்ஷே 934 பிளாஸ்டிக் மாடலுக்காக, அந்நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கி அக்கக்காகக் கழற்றிவிட்டார்! உங்களவர் பிளாஸ்டிக்கோடு நிற்கிறாரே, புண்ணியம். வாசலில் நிஜக் கார் நின்றால் மட்டும் ஸ்பேனரை ஒளித்து வையுங்கள்.