உள்ளேன் டீச்சர்

ஜூன் மாத முதல் வாரத்தில் ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் புனைகதைகளோடுதான் அடுக்க வேண்டும். நான் கூப்பிடும் பெயருக்கு ஆள் எழுந்திருப்பதில்லை; எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஈரோடு மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. வருகிற பிள்ளைகள் எல்லாம் ஐந்து வருடம் அப்பு, பாப்பா, குட்டி, அம்மு என்று வளர்ந்தவர்கள்.

"உம் பேரென்ன சாமி?"

"பாப்பா."

"முழுப் பேரு சொல்லு பாக்கலாம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாப்பாக்குட்டி."

பெற்றோர் பெயர் வைப்பதில் குறை வைப்பதில்லை. எண்கணித ஜோதிடரைப் பார்த்து, இங்கிலீஷில் ஓர் 'எச்' கூடுதலாகச் சேர்த்து, ஓர் 'ஏ'வை இரட்டித்து, கிரந்த எழுத்து மூன்றுக்குக் குறையாமல் வைக்கிறார்கள். வைத்ததோடு சரி, யாரும் கூப்பிடுவதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம் என்று அந்தப் பெயர் பீரோவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் நான் ஏற்றும்போது மூன்றாவது விதம் ஆகிவிடாமல் காப்பது என் பாடு.

எங்கள் அப்பா காலத்தில் காகிதமே கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. தொட்டுவிட்டால், பள்ளி திறக்கும் நாளில் வயது சரியாக வருகிற மாதிரி தலைமையாசிரியரே ஒரு பிறந்த நாளை எழுதிக்கொள்வார். அதனால்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். அப்பா பிறந்தது அடைமழையில், ஐப்பசியில் என்று அப்பத்தா கடைசிவரை சாதித்தது. பென்ஷன் ஆபீஸ் ஜூன் ஒன்று என்றது. இப்போது ஜூலை 31-க்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும், சான்றிதழ் வேண்டும். காதுக்கு வேலை போய்விட்டது.

இந்த வருடம் அப்பு என்று ஒருவன். பதிவேட்டுப் பெயரைச் சொல்லமாட்டேன். ஒரு பேரரசருக்குத் தாராளமாகப் போதும். "உள்ளேன் டீச்சர்" என்றால் நான் சிரிக்கிறேன் என்பதை முதல் நாளே கண்டுகொண்டான். அதன் பிறகு எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும், பெண் பிள்ளையின் பெயரானாலும், அவனே எழுந்து உள்ளேன் என்றான். வகுப்பில் முழு வருகை.

வருகையைக் காலையிலேயே செல்போன் செயலியில் ஏற்றியாக வேண்டும். எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் வெளியே உள்ள வேப்ப மரத்தடி. நான் வாசலைத் தாண்டினால் பாதி வகுப்பு என் பின்னால் மரத்தடிக்கு வரும். மீதிப் பாதி பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும். வந்தவர்களை "வந்தார்" என்று பதியும்போதே அவர்களில் சிலர் கேட்டைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோருக்கும் நெஞ்சில் பெயர் அட்டை குத்திவிட்டேன். ஊக்கு தீர்ந்துபோனதால் ஒன்றுக்கு மட்டும் சிவப்புக் கிளிப். மத்தியானச் சத்துணவுக்குள் அந்தச் சிவப்புக் கிளிப் நான்கு பேர் சட்டைக்கு மாறியிருந்தது, பெயரும் கூடவே போயிருந்தது. முட்டையை உரித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தது யார் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அழுகையைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஒன்பதே முக்கால்வரை எல்லாம் நன்றாக இருக்கும். ஜன்னல் பக்கம் ஒரு உதடு பிதுங்கும். காய்ந்த சோளத்தட்டில் தீப்பிடித்த மாதிரி கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்துவிடும். ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே அழுகிறவர்கள்தான் அதிகம். ஒருத்தி அழுதுகொண்டே பக்கத்துப் பையனிடம் "நீ எதுக்கு அழுவற?" என்று விசாரித்தாள்.

அப்புவின் அப்பத்தா மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. "நாம்பாட்டுக்குத் திண்ணைல உக்காந்துக்கறனுங்க டீச்சர், ஒரு தொந்தரவும் இருக்காதுங்க" என்றார். உட்கார்ந்தார். நான் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றேன். பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து, "செம்மறிங்க!"

"ஆ, ஆடு" என்று நான் திருத்தினேன்.

"ஆடுன்னு மொட்டையாச் சொன்னா எப்படீங்க? வெள்ளாட்டுக்கு ஏதுங்க இத்தன மயிரு?"

அன்றைய பாடம் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் உள்ள வேற்றுமையில் முடிந்தது. என்னையும் சேர்த்து எல்லோரும் கற்றுக்கொண்டோம். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். முதல் வாரத்துக்கென்று விதை நிலை ஒன்று வைத்திருக்கலாம். முளைக்குமா என்று பார்க்கிற வேலை அது.

பள்ளியில் தரும் காலை உணவு நல்ல ஏற்பாடுதான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மதுரையில் 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு வருடம் ஆகஸ்டில் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. வெறும் வயிற்றோடு பாடம் கேட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சிக்கல் ஒன்றுதான். கிச்சடியைச் சாப்பிட்டுக் கை கழுவியதும், வந்த வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போனால் அப்படித்தானே? "போய்ட்டு வர்றனுங்க டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

வியாழக்கிழமை பெயர்களைத் துண்டு துண்டாக உடைத்துக் கைதட்டிப் பாட வைத்தேன். அப்புவின் பெயருக்கு மட்டும் நிறையக் கைதட்டல் தேவைப்பட்டது. அதில் அவனுக்கு ஒரே பெருமை. மறுநாள் மற்றவர்கள் பெயருக்கெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். தன் பெயர் வந்ததும் பெஞ்சின் மேல் ஏறி நின்று சொன்னான், "உள்ளேன் டீச்சர்!"

சாயங்காலம் அப்பத்தா வாசலில் வந்து நின்று, "அப்பூ, வா சாமி" என்றார். அவன் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். நெஞ்சைத் தட்டிக்காட்டி, பேரரசரின் பெயரை ஒவ்வோர் அசைக்கும் ஒரு கைதட்டலோடு முழுசாகச் சொல்லி, "அப்புடிக் கூப்புட்டாத்தான் வருவேன்" என்றான்.

அப்பத்தா என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒரு வாரந்தானுங்களே உட்டேன். அதுக்குள்ள எம்பேரன் பேரையே மாத்திப்போட்டீங்களே!"