காந்தத்துக்கும் ஒரு பாளையப்பட்டு

விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரைச் சீமையை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பார்கள். மலையடிவாரத்துக் கன்னிவாடியும் அதில் ஒன்று. எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆளுக்கொரு பாளையம் கொடுத்துத் திறை வாங்கு. இந்தச் சூட்சுமம் கலப்பட ஈயத்துக்கும் தெரிந்திருந்தது. பௌதிக மேதைகளுக்குத்தான் பிடிபடவில்லை.

1911இல் ஹாலந்துக்காரர் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தார். மின்தடை காணாமல் போனது. இப்படித் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி. 1933இல் மைஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் பார்த்தபோது, மீக்கடத்தி காந்தப்புலத்தை வாசலோடு விரட்டியது. சுத்த ஈயம் கறாரான ராஜா. கலப்பட ஈயமோ காந்தத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டது. "சரக்கு மட்டம்" என்று பெரியவர்கள் கைகழுவினார்கள். சரக்கின் குணமே அதுதான் என்று சோவியத் நாட்டுக் கார்கோவில் அளந்து காட்டினார் லெவ் ஷூப்னிகோவ். கட்டுரை வந்தது 1937இல். அதே வருஷம் ஸ்டாலின் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது.

அடுத்து வந்த ஆப்ரிகோசோவ் கணக்குப் போட்டார்: காந்தம் சன்னச் சன்னச் சுழல்களாக நுழைகிறது; ஒவ்வொரு சுழலிலும் தம்பிடி கூடாமல் குறையாமல் ஒரே அளவு காந்தப் பாயம். குருநாதர் லாண்டாவ் ஒப்பவில்லை. லாண்டாவ் யார்? விஞ்ஞானிகளுக்கு மார்க் போட்டுத் திரிந்தவர். குறையக் குறைய உசத்தி, ஐன்ஸ்டைனுக்கு 0.5, தனக்கு 2.5. (பிறகு தன்னைத் தானே 2க்கு உயர்த்திக்கொண்டார்.) அப்படிப்பட்டவர் முகம் சுளித்தால் திண்டுக்கல் பூட்டு எதற்கு? கட்டுரை டிராயருக்குள் போனது. பிறகு அமெரிக்காவில் ஃபெயின்மன், திரவ ஹீலியத்தில் சுழல் உண்டு என்று எழுதினார். லாண்டாவ் தலையாட்டினார். உள்ளூர்ச் சரக்குக்கு அதன் பிறகுதான் மவுசு. 1957இல் டிராயர் திறந்தது.

இந்தச் சுழல்கள் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டிக் கிடக்கின்றன என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒலி போகும்போது படிகத்தின் அணுக்கள் ஆடும். குறையிலோ அந்நிய அணுவிலோ மாட்டிய சுழலும் கூடவே ஆடும். சுழல்கூட்டத்தின் விறைப்பும் படிகத்தோடு சேர்வதால் ஒலி ஒரு துளி வேகமாகவே ஓடும். சூடு ஏறினால் பிடி தளரும். சுழல் வழுக்கும், உராயும், கிஸ்தியில் கைவைக்கும் பாளையக்காரர் மாதிரி ஒலியைத் தின்னும். இன்னும் சூடேறினால் பிடியே விட்டுப்போய், தீனியும் குறையும். 1990இல் பாங்கெர்ட் குழுவினர் உயர்வெப்ப மீக்கடத்திகளில் இதை அளந்தார்கள். எந்த வெப்பத்தில் ஒலி அதிகம் தொலைகிறதோ, அங்கே பூட்டு தளர்கிறது. பழைய மாங்காய்ப் பூட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே லீவர் தளர்ந்திருந்தால் கிலுகிலுக்கும். அதே வித்தைதான்.

ஆப்ரிகோசோவ் 2003இல், 75 வயதில், நோபல் வாங்கினார். ஷூப்னிகோவுக்குச் செத்த பிறகு 'குற்றமற்றவர்' என்று ஒரு காகிதம் கிடைத்தது. லாண்டாவ் 1962இலேயே நோபல் வாங்கிவிட்டார், திரவ ஹீலியத்துக்காக.