சேதுன்னா கசப்பா, தாத்தா?

இந்த வாரத் தபாலைப் பிரித்தால் பாதி புளி வாசனை, பாதி புகார். எல்லாமே பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டைப் பற்றித்தான். நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட மக்களவைத் தொகுதி ஹைதராபாத்தில் உள்ள நம் மல்காஜ்கிரி. ஆனால் நம் வீடுகளில் இன்றைக்கு என்ன சமையல் என்று முடிவு செய்பவர், ஓட்டுரிமைக்கு இன்னும் 14 வருடம் காத்திருக்க வேண்டிய ஒருவர். கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: பேத்திக்கு நாலு வயசு. பாகற்காயைக் கடித்துவிட்டு, "தாத்தா, சேது!" என்று துப்புகிறாள். கசப்பு என்ற சொல்லே வாயில் வரவில்லை. தமிழ் போயே போய்விட்டதா?
– ஒரு தாத்தா, ஆனந்த்பாக்

பதில்: எங்கேயும் போகவில்லை, பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடும். தெலுங்கில் கசப்புக்கு சேது என்றுதான் பெயர். சேதுபதிகள் ஆண்ட ராமநாதபுரத்திலிருந்து இங்கே குடிவந்தவர்கள் பாடுதான் கஷ்டம். பெயரைச் சொன்னதும் எதிராளி பாகற்காயைக் கடித்த மாதிரி பார்ப்பார்.

பேத்தி துப்பினாள், சரி. ஆனால் பெயர் சொல்லித் துப்பினாளே, அதைக் கவனித்தீர்களா? நம்மில் பலருக்குச் சாப்பாட்டைப் பற்றி இரண்டே வாக்கியம்தான் தெரியும்: "நல்லா இருக்கு", "நல்லா இல்ல". இரண்டும் சுவை அல்ல, தீர்ப்பு. குழந்தைக்கு முதலில் சாட்சி சொல்லக் கற்றுக் கொடுங்கள், தீர்ப்பு அப்புறம் வரட்டும். "பிடிச்சுதா?" என்று கேட்காமல் "என்ன சுவை?" என்று கேட்டுப் பாருங்கள். பிடிக்காததைக்கூட இன்னொரு தரம் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.

இனிப்புக்குத் தீபி, புளிப்புக்குப் புலுப்பு, கசப்புக்குச் சேது, துவர்ப்புக்கு வகரு. உப்பும் காரமும் மட்டும் ஏதோ ஒப்பந்தம் போட்ட மாதிரி இரண்டு மொழிக்கும் பொது. ஒரு நாக்கு, இரண்டு அகராதி. நஷ்டம் எங்கே இருக்கிறது?

கேள்வி: யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஐம்புலன் பாடம் எடுக்கிறேன். சார்ட்டில் நாக்குப் படம்: நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு. ஒரு வாண்டு, "மிஸ், எனக்கு நுனியிலேயே உப்புத் தெரியுது" என்கிறான். என்ன பதில் சொல்ல?
– ஒரு டீச்சர், சஃபில்குடா

பதில்: "சபாஷ்" என்று சொல்லுங்கள். பிறகு சார்ட்டைச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிடுங்கள்.

அந்த வரைபடத்தின் கதை வேடிக்கையானது. 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர், நாக்கின் சில ஓரங்களில் சில சுவைகள் ஒரு துளி கூடுதலாக உணரப்படுகின்றன என்று எழுதினார். 1942-ல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் அதைத் தன் புத்தகத்தில் எடுத்துப் போட்டபோது, அந்தச் சின்ன வித்தியாசம் பெரிய எல்லைக்கோடு மாதிரி ஆகிவிட்டது. பாடநூல்கள் அதைப் பார்த்து நாக்கை ஜில்லா ஜில்லாவாகப் பிரித்துவிட்டன. உண்மையில் சுவை மொட்டு இருக்கிற இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும்.

சார்ட்டுக்குப் பதில் ஒரு விளையாட்டு. சுத்தமான துணியால் நாக்கை ஒற்றித் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன்மேல் நாலு மணிச் சர்க்கரை. ஒன்றும் தெரியாது. வாயை மூடி எச்சில் ஊறியதும், "வந்துருச்சு மிஸ்!" என்று வகுப்பே கத்தும். கரைந்தால்தான் சுவை என்ற பாடம் முடிந்தது.

கேள்வி: நம்முடையது அறுசுவை. விஞ்ஞானம் ஐந்துதான் என்கிறது. பையனுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?
– ஐ.டி. அப்பா, மீர்ஜால்குடா

பதில்: இரண்டையும். சண்டை இல்லை, கணக்கு எழுதும் முறைதான் வேறு.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நாலும் இரண்டு பட்டியலிலும் உண்டு. மிச்சமிருக்கும் காரமும் துவர்ப்பும் ஏன் விஞ்ஞானப் பட்டியலில் இல்லை? அவற்றைச் சுவை மொட்டுகள் கண்டுபிடிப்பதில்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்பின் கதவைத் தட்டுகிறது. அந்தக் கதவை 1997-ல் அடையாளம் காட்டியவர் டேவிட் ஜூலியஸ். 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக, காரம் என்பது நாம் காசு கொடுத்து வாங்கும் வலி.

துவர்ப்பு தொடுதல் கணக்கில் சேரும். நேரேடு பழம், அதாவது நம் நாவற்பழம், இரண்டு தின்றால் நாக்கு சொரசொரவென்று இழுத்துக்கொள்கிறதே, அதுதான். பழத்தின் டானின், எச்சிலில் உள்ள வழுவழுப்புப் புரதங்களைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. எண்ணெய் போடாத கீல் மாதிரி நாக்கு உரசுகிறது. பையனிடம் ஒரு பழத்தைக் கொடுத்து, "நாக்கு வழுக்குதா, உரசுதா?" என்று கேளுங்கள். ஊதா நாக்கை நீட்டிக் காட்டும் பாக்கியமும் சேர்த்துக் கிடைக்கும்.

விஞ்ஞானத்தின் ஐந்தாவது உமாமி. 1908-ல் கிகுனே இகெடா என்ற ஜப்பானியர் கடற்பாசிச் சாற்றில் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். தக்காளி, காளான், கருவாடு மூன்றிலும் இருக்கிறது. தாய்ப்பாலிலும் இருக்கிறது. நாம் பெயர் வைக்காமலேயே ருசித்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி: மூக்கடைத்தால் என் மகளுக்குப் பாயசம்கூட இறங்குவதில்லை. நடிப்பா?
– ஒரு அம்மா, மௌலாலி

பதில்: நடிப்பில்லை. பாயசத்தில் நாக்குக்குக் கிடைப்பது இனிப்பு மட்டும். ஏலக்காயும் நெய்யும் தொண்டை வழியாக மூக்குக்குப் போய்த்தான் தெரியும். சளி விட்டதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் பாயசம் சாப்பிடச் சொல்லுங்கள்: வெறும் சர்க்கரைத் தண்ணீர். மூக்கை விட்டதும் ஏலக்காய் ஓடி வரும். அந்த முகத்தைப் பார்க்கவாவது ஒரு பாயசம் வைக்கலாம்.

கேள்வி: பெரியவன் முட்டைக்கோஸ் பொரியலை வழித்துத் தின்கிறான். சின்னவள் அதையே "சேது" என்கிறாள். ஒரே வயிறு, ஒரே வாணலி. எப்படி?
– இரண்டின் அம்மா, நேரேட்மெட்

பதில்: வாணலி ஒன்றுதான், நாக்கு இரண்டாயிற்றே! 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் பி.டி.சி. என்ற பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர், "என்ன இது, இப்படிக் கசக்கிறது!" என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரே பொருள் ஒருவருக்குக் கசப்பு, இன்னொருவருக்குச் சுண்ணாம்புத் தூள். இந்த வித்தியாசத்துக்குப் பெரும் காரணமான மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். பி.டி.சி.க்கு உறவுமுறையான சேர்மங்கள் முட்டைக்கோஸ் குடும்பத்தில் உண்டு.

ஆகவே சின்னவள் பொய் சொல்லவில்லை. உங்களுக்குக் கேட்காத ஒரு சத்தம் அவளுக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். கசப்பை அறிய மனித நாக்கில் சுமார் 25 வகை ஏற்பிகள். இனிப்புக்கு முக்கியமாக ஒரே வகை. கசக்கிற செடியில் விஷம் இருக்கலாம் என்பதால் இயற்கை வாசலில் 25 காவலாளிகளை நிறுத்தியிருக்கிறது. வல்லாரையும் வெந்தயக்கீரையும் நல்லவர்கள் என்று அவர்களுக்கு நாம்தான் மெதுவாக அறிமுகம் செய்து வைக்க வேண்டும்.

கேள்வி: உகாதிப் பச்சடியை வாயில் வைக்கவே மாட்டேன் என்கிறான் ஐந்து வயது மகன். எதிர்வீட்டு ஆன்ட்டி ஆசையாகக் கொடுத்தனுப்புகிறார். சமாளிப்பது எப்படி?
– ஒரு மருமகள், மல்காஜ்கிரி

பதில்: சுவைப் பாடத்துக்கு உலகத்தில் இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. பிள்ளையைக் குடிக்க மட்டும் கூப்பிடுகிறோம், அதுதான் தப்பு. தயாரிக்கும்போதே கூப்பிடுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்கு அழைத்துப் போங்கள். மாவிலைக் கொத்து, சின்ன மண்பானை, காம்போடு மாங்காய், ஈர்க்கோடு ஒடித்த வேப்பம்பூ என்று நடைபாதை முழுக்கப் பச்சடிதான், இன்னும் கலக்கவில்லை, அவ்வளவே. வேப்பம்பூவை உதிர்த்து ஊதித் தூசி போக்கும் வேலையை அவனிடம் விடுங்கள். காலையில் தரையில் ஆறு கிண்ணம்: வெல்லம், புதுப்புளிக் கரைசல், உப்பு, மிளகாய்ப்பொடி, வேப்பம்பூ, நறுக்கிய மாங்காய். ஒவ்வொன்றையும் விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பெயர் சொல்லட்டும். மிளகாய்ப்பொடியை மட்டும் பார்வையால் தொட்டால் போதும்.

மாங்காய்க்கு வரும்போது வம்பு வரும். "இதுவும் புளிப்புத்தானே?" என்பான். கொட்டையை ஒட்டிய பகுதியைக் கடிக்கச் சொல்லுங்கள். பற்களுக்கு நடுவே ஒரு இழுப்பு வரும். வகரு! ஆறாவது ஆள் ஒளிந்திருந்த இடம் அதுதான்.

அடுத்து மந்திரம். புளித்தண்ணீரில் வேப்பம்பூவை மட்டும் போட்டு ஒரு சொட்டு கொடுங்கள், முகம் சுருங்கும். ஒரு சிட்டிகை உப்பு, மறுபடி ஒரு சொட்டு. அப்புறம் வெல்லம், மறுபடி ஒரு சொட்டு. கசப்பு படிப்படியாகப் பின்வாங்கும். உப்பும் இனிப்பும் கசப்பை அமுக்கும். பாகற்காயில் உப்புப் பிசிறி வைக்கிற நம் பாட்டிகளுக்கு இது தெரிந்த சங்கதி. ஆந்திரக் கரையோரத்தில் பச்சடி கெட்டியாக இருக்கும். தெலங்கானாவில் தண்ணீராகக் கரைத்து டம்ளரில் ஊற்றிக் குடிப்பார்கள். பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல் எல்லாம் மிதக்கும். குழந்தைக்கு இரண்டாவதே தோது.

வாழ்க்கையில் இன்பமும் துன்பமும் கலந்து வரும் என்ற தத்துவத்தை அன்றைக்குச் சொல்லாதீர்கள். ஐந்து வயதில் துன்பம் என்பது டி.வி.யை அணைப்பது மட்டும்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். பிடிக்காத உணவு பழகுவதற்குக் குழந்தைகளுக்கு 8 முதல் 15 தடவைகூடத் தேவைப்படலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெற்றோர்களோ நாலாவது தடவையிலேயே, "இவனுக்கு ஆகாது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். வேப்பம்பூ உகாதிக்கு மட்டும் என்றால் பழகுவதற்குள் அவன் கல்லூரிக்குப் போய்விடுவான். ஆனால் மல்காஜ்கிரித் தமிழ் வீட்டுக்கு ஆண்டுப் பிறப்பு இரண்டு. 2024-ல் ஏப்ரல் 9 உகாதி, ஐந்தே நாளில் சித்திரை ஒன்று, மறுபடி மாங்காய்ப் பச்சடி, மறுபடி வேப்பம்பூ. நடுவில் வேப்பம்பூ ரசம் இரண்டு தரம் வையுங்கள். கசப்பு உறவுக்காரர் மாதிரி. அடிக்கடி வந்து போனால்தான் பழகும்.

கேள்வி: "கீரை தின்னா சாக்லேட்" என்று சொல்லித்தான் வண்டி ஓடுகிறது. தப்பா?
– ஒரு அப்பா, மெட்டுகூடா

பதில்: வண்டி ஓடும், ஆனால் எதிர்த்திசையில். லீன் பிர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் 1984-லேயே குழந்தைகளிடம் பார்த்தார்கள்: பரிசுக்காகக் குடித்த பானத்தின் மேல் பிரியம் கூடவில்லை, குறைந்தது. பிள்ளையின் கணக்கு சுத்தம்: லஞ்சம் கொடுக்கிறார்கள் என்றால் சரக்கில் ஏதோ கோளாறு.

கேள்வி: நாட்டிலேயே பெரிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தும் என் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறானே?
– நொந்த தந்தை, தார்னாக்கா

பதில்: கடலோரம் குடியிருப்பவனுக்கெல்லாம் நீச்சல் தெரிகிறதா? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் பிறந்தது. ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியது. 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிவந்தது. உங்களையும் என்னையும் போல அதுவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம்தான். 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகளின் சத்து விவரம் இருக்கிறது. "இதை என் மகன் தின்பானா?" என்ற பத்தி மட்டும் இல்லை. அதை நிரப்புவது வீட்டுப் பாடம்.

கேள்வி: அக்காவுக்கு இது எட்டாம் மாதம். பிறந்ததும் சேனை வைத்து, தேன்தான் முதல் சுவையாக இருக்க வேண்டும் என்கிறார் பாட்டி.
– சித்தி ஆகப்போகிறவள், மல்காஜ்கிரி

பதில்: பாட்டிக்கு வணக்கம், ஆனால் தேன் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வர இடமுண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.

பாட்டியைச் சமாதானப்படுத்த ஒரு தகவல்: முதல் சுவை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 2001-ல் வெளியான ஜூலி மெனெல்லாவின் ஆய்வில், கர்ப்பகாலக் கடைசி மாதங்களில் கேரட் ஜூஸ் குடித்த தாய்மாரின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழை அதிகம் முகம் சுளிக்காமல் சாப்பிட்டன. அம்மா சாப்பிடுவதன் மணம் பனிக்குடம் வரை போகிறது. ஆகவே அக்கா இன்று சாப்பிடும் பூண்டு ரசம்தான் சேனை. பாட்டியையே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தண்ணிக்கு என்ன டேஸ்ட்?
– அஞ்சு வயசு, அம்மா எழுதிக் கொடுத்தது

பதில்: இந்த வாரத்தின் பரிசுக் கேள்வி! அம்மாவிடம் கொட்டை நீக்கின நெல்லிக்காய்த் துண்டு ஒன்று கேள். நன்றாக மென்று தின்னு. புளிக்கும், துவர்க்கும், கொஞ்சம் கோபம்கூட வரும். உடனே ஒரு வாய் தண்ணீர் குடி. இப்போது தண்ணீருக்கு என்ன சுவை?

பதிலை நான் சொல்ல மாட்டேன். நீதான் எழுதி அனுப்ப வேண்டும். தமிழில் சொன்னாலும் சரி, தெலுங்கில் சொன்னாலும் சரி. "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதினால் செல்லாது.