வெயிட்டிங் ரூம்

1991இல் வள்ளூரிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் போக மீஞ்சூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிப்பேன். பேசின் பிரிட்ஜில் வண்டி சிக்னலுக்காக நின்று யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் எங்கள் வணிகவியல் பேராசிரியர் வகுப்புக் கதவைச் சாத்தியிருப்பார்.

சாத்தினால் சாத்தினதுதான். என்னைப்போல அந்த ட்ரெயினில் வரும் நாலைந்து பேர் வராந்தாவில் நின்று பாடம் கேட்போம். குரல் வரும், முகம் தெரியாது. நடுநடுவே குரலும் அறுந்துபோகும். சந்தேகம் கேட்க வழியில்லை, அட்டெண்டன்ஸும் கிடையாது. ஆன்லைன் கல்வியில் நாட்டின் முதல் பேட்ச் நாங்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது நான் கௌரவ விரிவுரையாளர். (கௌரவத்தைப் பதவியின் பெயரில் தேட வேண்டும், சம்பளத்தில் அல்ல.) ஜூம் என் கையிலும் ஒரு கதவைக் கொடுத்தது. வெயிட்டிங் ரூம் என்று பெயர். ஐந்து நிமிடம் தாமதமா, நில் வெளியே! பேராசிரியரை எத்தனை வருடம் திட்டியிருப்பேன். கதவு கிடைத்ததும் அவராகவே ஆகிவிட்டேன்.

பக்கத்துத் துறை நண்பர் வேறு ரகம். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப்பைத் தட்டிவிட்டு, "டவுட் இருந்தா கேளுங்கப்பா" என்பார். யாரும் கேட்டதில்லை. பையன்களுக்கு அவரைத்தான் பிடித்தது.

2021 ஜனவரியில் அரசு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு அறிவித்தது, ஏப்ரல் வரைக்கும். 'நெட் இல்ல சார்' போய் 'டவர் இல்ல சார்' வந்தது. எரிச்சலில் ஒருவனைக் கேமரா போடச் சொல்லி அதட்டினேன். போட்டான். காசிமேடு. மீன்கூடைக்குப் பக்கத்திலிருந்து அவன் அம்மா எனக்கு வணக்கம் வைத்தார். அப்புறம் நான் யாரையும் கேமரா போடச் சொல்லவில்லை.

ஒருநாள் பாடம், தலைமைப் பாணிகள். 1930களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவாவில் குர்ட் லெவினும் லிப்பிட்டும் வைட்டும் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாக்கி முகமூடி செய்யவிட்டுப் பார்த்த கதை. அதட்டி வேலை வாங்கும் தலைவர் அறையைவிட்டு நகர்ந்தால் வேலை படுத்துவிடும். கலந்து பேசி நடத்துபவர் நகர்ந்தாலும் பையன்கள் பாட்டுக்குச் செய்வார்கள். இதை நான் அதட்டிக்கொண்டேதான் சொன்னேன். சொல்லும்போதே உறைத்தது: ஆன்லைனில் வாத்தியார் எந்நேரமும் அறைக்கு வெளியேதானே இருக்கிறார்?

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. எங்கள் ஊர் அனல்மின் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். என் வைஃபை பெட்டி கேட்பது ஏதோ பத்து வாட்.

போனில் லிங்க்கைத் தட்டினேன். ஹோஸ்ட் உள்ளே விடும்வரை காத்திருக்கச் சொன்னது. ஹோஸ்டே நான்தானே! என் இணைப்பு அறுந்த கையோடு அந்தப் பதவி எண்ணூர்ப் பெண் ஒருத்தியிடம் போயிருக்கிறது. பதினோரு நிமிடம் நின்றேன். உள்ளே பாடம் நடக்கிறதா, எல்லோரும் கலைந்துவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. வராந்தாவிலாவது குரல் கேட்கும்.

கதவு திறந்தது.

"சாரி சார், கவனிக்கல. அந்த முகமூடி மேட்டர் பாதிப் பேருக்குப் புரியல, சொல்லிட்டிருக்கேன். அஞ்சு நிமிஷம் மியூட்ல இருங்க சார்."