மேல்வீட்டு ஜெர்மன்காரத் தம்பிக்கு

வா ராசா, இப்படி உட்காரு. திண்ணை இல்லாத ஊர்ல இந்த மாடிப்படிதான் எனக்குத் திண்ணை. பாப்பா, நீ நடுவுல உட்காரு. நான் சொல்லச் சொல்ல இவனுக்கு இங்கிலீசுல எடுத்துச் சொல்லு. உனக்குப் பிடிக்காததை நீ முழுங்கிடுவேங்கிறது எனக்குத் தெரியும். முழுங்கிக்கோ. ஆனா முழுங்குற நேரத்துல சிரிக்காதே, பையன் தன்னைத்தான் கேலி பண்றாங்கன்னு நினைச்சுக்குவான். அவனைத்தான் கேலி பண்றேன், அது வேற விசயம்.

ஆகஸ்டுல நீ வந்து இறங்கினப்ப இந்த பசவனகுடித் தெருவே வாசல்ல நின்னு பார்த்துச்சு. உன்னை இல்லை, உன் கோட்டை. தேசத்துக்கு ஒண்ணா அதுல எத்தனை பேட்ஜ்! எங்க தருமபுரி பக்கம் அஞ்சு கட்சி மாறினவன்கூட அவ்வளவு குத்தினதில்லை. ரோட்டரிக்காரங்க 15 வயசுலேர்ந்து 19 வரைக்கும் உள்ள பிள்ளைங்களை இப்படித் தேசம் மாத்தி ஒரு வருசம் அனுப்புவாங்களாம். அங்க மூணு நாலு மாசத்துக்கு ஒரு வீடுன்னு மாறி மாறித் தங்கணுமாம். சோறு போடுற வீட்டுக்கு யாரும் ஒரு பைசா தர்றதில்லையாம். பாப்பா சொன்னப்ப கடைசி விசயத்தை நான் நம்பலை. அடுத்தவன் பிள்ளைக்கு மாசக்கணக்குல சும்மா சோறு போடறவங்க பெங்களூருல இருக்காங்களான்னு கேட்டேன். இருக்காங்க. எங்க தலைக்கு மேலேயே இருக்காங்க.

அப்புறம் அந்த நாலு ‘கூடாது’. குடிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, காதல் கூடாது, போதை கூடாது. பதினாறு வயசுல இந்த நாலையும் கழிச்சா மிச்சம் என்ன இருக்கும்னு நீ கேட்கலாம். சாப்பாடு இருக்கு. அதுக்கு மட்டும் ரோட்டரிக்காரங்க வரம்பு போடலை. போட்டிருக்கணும். வரும்போது இருந்த பெல்ட்டு ஓட்டை இப்ப எத்தனை தள்ளியிருக்குன்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இப்ப ராத்திரி 16 டிகிரிக்கு இறங்கினதும் நான் குல்லா, மப்ளர், ஸ்வெட்டர்னு மாட்டிக்கிட்டேன். நீ அரை டவுசரோட மொட்டை மாடியில நிக்கிறே. தெருக்காரங்க உனக்குக் காய்ச்சல் வரப்போகுதுன்னு சொன்னாங்க. காய்ச்சல் வரலை, வேற ஒண்ணு வந்திருக்கு. ஒரு வாரமா மூஞ்சி தொங்குது. போன் கையை விட்டு இறங்க மாட்டேங்குது. உங்கம்மா ஒரு அட்டைப்பெட்டி அனுப்பியிருக்காங்களாமே, 24 கதவு வச்சது. டிசம்பர் ஒண்ணாந்தேதிலேர்ந்து நாளைக்கு ஒரு கதவு திறந்தா உள்ள ஒரு மிட்டாய் இருக்குமாம், கடைசிக் கதவு திறந்தா கிறிஸ்துமஸாம். நல்ல ஏற்பாடு. எங்க வீட்டுல பிறந்த பிள்ளைங்க கையில அது கிடைச்சிருந்தா கிறிஸ்துமஸ் முதல் ராத்திரியே முடிஞ்சிருக்கும். நீ அதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கியாம். மேல்வீட்டுப் பாட்டி, நம்ம அஜ்ஜி, வந்து என்கிட்ட கவலைப்பட்டாங்க. இன்னும் ரெண்டு தோசை கூடப் போடலாமான்னு யோசிக்கிறாங்க. அதுதான் இந்த ஊர் வைத்தியம்.

தோசையில தீராது. சாதாரண நாள்ல ஊர் நினைப்பு வராது, பள்ளிக்கூடம் இழுத்துக்கிட்டுப் போயிடும். பண்டிகை வந்தாத்தான் கிளறும். எனக்கும் வந்துச்சு. சிரிக்காதே. தருமபுரிக்கும் பெங்களூருக்கும் பாஸ்போர்ட் வேண்டாம், ஓசூர் தாண்டினா அத்திப்பள்ளி, அவ்வளவுதான். ஆனா மவன் வீட்டுக்கு வந்து குடியேறின முதல் பொங்கலுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. வாசல்ல பானை இல்லை, அடுப்பு இல்லை, மாடு இல்லை. மேல்வீட்டு அஜ்ஜி ஒரு தட்டுல வெள்ளை எள்ளு, வெல்லம், கொப்பரை, வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து, ஒரு துண்டு கரும்போட நீட்டினாங்க. எள்ளும் வெல்லமும் தின்னுட்டு நல்ல பேச்சாப் பேசணும்ங்கிறது இங்க சங்கராந்தி வழக்கம். நான் தின்னேன். நல்ல பேச்சு ஒண்ணும் வரலை. இது பொங்கலா, ரேசன் கடையான்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேன்.

அடுத்த வருசம் அஜ்ஜி ஒரு காரியம் பண்ணாங்க. மார்கழி பிறந்ததும் பத்துக் கொப்பரையும் ஒரு கத்தியும் கொண்டுவந்து என் முன்னால வச்சாங்க. பல்லு பல்லாச் சீவிக் காயவைக்கணும், தெரு முழுக்கக் குடுக்கிற கலவைக்கு. நான் வராண்டாவுலதான் உட்கார்ந்து சீவினேன். சமையக்கட்டுக்குள்ள அஜ்ஜி மடி பார்ப்பாங்க, என்னை இன்னிக்கி வரைக்கும் உள்ள விட்டதில்லை. அந்தக் கணக்கு எனக்கும் அவங்களுக்கும் தனியா இருக்கு, அதை இப்ப எடுக்க வேண்டாம். ஆனா மூணு நாள் கொப்பரை சீவினவனுக்கு அந்தச் சங்கராந்தி அடுத்த வீட்டுப் பண்டிகையாத் தெரியலை. தெருவுல யாராவது “கொப்பரை பெருசா இருக்கே”ன்னு சொன்னா எனக்குக் கோபம் வந்துச்சு. கோபம் வந்துட்டா அப்புறம் அது சொந்தப் பண்டிகைதானே?

அதனால சொல்றேன், வேலை கேளு. விருந்தாளியா உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பண்டிகை நாள் மாதிரி நீளமான நாள் கிடையாது. ஆனா கேட்டா குடுக்க மாட்டாங்க. விருந்தாளியை வேலை வாங்கிட்டாங்கன்னு பேர் வந்துடுமேன்னு பயம். “நான் ஏதாவது செய்யட்டுமா?”ன்னு நீ மரியாதையா இங்கிலீசுல கேட்டா, “சும்மா உட்காருப்பா”ன்னு காபியைக் கையில குடுத்துடுவாங்க. கேட்காம ஆரம்பிக்கணும். மாவிலைத் தோரணம் கட்ட ஏணி வேணும், உன் உயரத்துக்கு ஏணி வேண்டாம். நீயே எடுத்துக் கட்டு. பூவைக் கிள்ளு. வாழையிலையைத் துடை. அரிவாள்மனை பக்கம் மட்டும் போகாதே, உன் இன்சூரன்ஸ் பேப்பர்ல அது எந்தக் காலத்திலும் இருந்திருக்காது.

இந்த மாத்திக்கிற யோசனையே வேலை செஞ்சவங்க கண்டுபிடிச்சதுதான், பாப்பா படிச்சுச் சொன்னா. ஏ.எஃப்.எஸ்.னு இன்னொரு கூட்டம் இருக்காமே, அது முதல் உலக யுத்தத்துல அடிபட்டவங்களைத் தூக்கிப்போட்டு ஆம்புலன்ஸ் ஓட்டினவங்களோட கூட்டமாம். ரெண்டாவது யுத்தத்திலும் ஓட்டிப் பார்த்துட்டு, 1947-லேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. பொணத்தைத் தூக்கிச் சலிச்சவங்களுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

எங்க ரெண்டு மாநிலமும் இப்படி மாத்திக்கிட்டதுண்டு. அல்சூர் ஏரிப் பக்கம் ஒருநாள் கூட்டிப் போறேன், மெட்ரோவுல மெஜஸ்டிக்ல மாறினா ஆச்சு. அங்க எங்க திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கார். 1991-ல வச்ச சிலை. காவிரித் தண்ணிக்கு ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்ட நேரம், அதனால துணி சுத்தி மூடி 18 வருசம் அப்படியே கிடந்துச்சு. 2009 ஆகஸ்ட் 9-ந் தேதி கருணாநிதி இங்க வந்து திறந்து வச்சார். நாலு நாள் கழிச்சு எடியூரப்பா சென்னைக்குப் போய் அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்து வச்சார். வள்ளுவர் ரெண்டு வரியில எழுதினவர், சர்வக்ஞர் மூணு வரியில எழுதினவர். ஆக அந்த மாத்துல எங்களுக்கு ஒரு வரி லாபம். இதை மேல்வீட்டுல போய்ச் சொல்லாதே. பதினெட்டு வருசம் துணிக்குள்ள இருந்தவரே ஒரு வார்த்தை முனகலை, நீ நாலு மாசத்துக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிறே.

சரி, கார்த்திகை கடைசித் திங்கக்கிழமை வருது. உனக்கு வேலை தயாரா இருக்கு.

நம்ம பெரிய பசவண்ணன் கோயில் ரோட்டுல அன்னிக்கி நடக்க முடியாது, கடலைக்காய் பரிசேன்னு கடலைத் திருவிழா. ரெண்டு பக்கமும் மலை மலையா நிலக்கடலை. பச்சை, வறுத்தது, அவிச்சது. கோலாரு, மாகடி, தும்கூரு, எங்க தருமபுரி, கிருஷ்ணகிரின்னு எங்கெங்கேர்ந்தோ மூட்டை வந்து இறங்கும். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடலைக் காடு. ஒரு காளை ராத்திரி ராத்திரி வந்து மேஞ்சுட்டுப் போச்சாம். குடியானவங்க தடியோட காத்திருந்து துரத்தினாங்க, காளை குன்று மேல ஏறிக் கல்லாயிடுச்சாம். கல்லானதும் சும்மா இருக்கலை, வளர ஆரம்பிச்சுதாம். பயந்துபோய்க் கோயில் கட்டி, வருசா வருசம் முதல் விளைச்சல் உனக்குத்தான்னு நேர்ந்துக்கிட்டாங்க. இப்பவும் 15 அடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கு, போய்ப் பாரு. அடுத்தவன் காட்டுல மேஞ்சதுக்கு ஒரு கோயில்! நீயும் நாலு மாசமா அடுத்தவங்க வீட்டுல மேயறே, உனக்குக் கட்டுவாங்கன்னு நம்பாதே. கல்லானாத்தான் கட்டுவாங்க. கட்டில்ல கிடக்கிற கிடையைப் பார்த்தா அதுக்கும் ரொம்ப நாள் ஆகாது.

இன்னொண்ணும் சொல்றேன். அந்தக் கடலையே வெளிநாட்டுச் சரக்கு. தென் அமெரிக்காவுல விளைஞ்சது, கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்துச்சு. அதுக்கு யாரும் கோட்டு மாட்டி விடலை, பேட்ஜ் குத்தலை. வந்து மண்ணுக்குள்ள பூந்து வேலையைப் பார்த்துச்சு. இன்னிக்கி அது இல்லாம எங்களுக்குச் சட்னி இல்லை, சாமிக்குத் திருவிழா இல்லை.

என் தங்கச்சி மவன், எனக்கு மருமவன், மூட்டையோட வர்றான். நீ அவன் பக்கத்துல நின்னு படி போடணும். வெள்ளைக்காரன் கடலை அளக்கிறான்னா கூட்டம் கூடும், அவனவன் போட்டோ எடுக்க நிப்பான், மருமவன் படிக்குப் பத்து ரூபா ஏத்தி விப்பான். உனக்குக் கூலி தின்ற கடலை. இதுல எனக்கு ஒரு லாபமும் இல்லை. மருமவன் எனக்குக் குடுக்க வேண்டிய பழைய பாக்கி ஒண்ணு இருக்கு, அது வேணா வசூலாகலாம்.

கிறிஸ்துமஸுக்கு என்ன பண்றதுன்னு தவிக்கிறே. இங்க மேல்வீட்டுல மரம் நட்டு நட்சத்திரம் தொங்கவிட்டு உனக்காக ஒரு பொம்மைக் கிறிஸ்துமஸ் பண்ணப் போறாங்க. தடுக்காதே, பாவம். ஆனா 20-ந் தேதிக்கு மேல நீ சிவாஜிநகர் போயிடு. அங்க என் சீட்டாட்டக் கூட்டாளி ஒருத்தன் இருக்கான், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுல பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாரும் பாயில வட்டமா உட்கார்ந்து கல்கல் உருட்டுவாங்க. சின்ன மாவு உருண்டையை முள்கரண்டி முதுகுல வச்சு அழுத்திச் சுருட்டணும், சோழி மாதிரி வரி விழும். இருட்டினதும் ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும், ஊர் வம்பு மொத்தமும் அந்தப் பாய் மேலதான். உனக்குத் தமிழ் தெரியாதுங்கிறதால தைரியமாப் பேசுவாங்க. முள்கரண்டி பிடிக்க அவங்களைவிட உனக்கு நல்லா வரும், அந்த ஒரு வித்தையில உன்னை யாரும் ஜெயிக்க முடியாது. அப்புறம் கேக்கு. அதுல ரம்முல ஊறின பழம் இருக்கும். நாலு ‘கூடாது’ல இது சேருமான்னு ரோட்டரிக்கு எழுதிக் கேட்காதே. கேட்டா பதில் வந்துடும்.

ராத்திரிப் பூசைக்கு அங்கேயே மரியன்னை பேராலயம் போங்க. மாதா சேலை கட்டிக்கிட்டு நிக்கிறா, உங்க ஊர்ல பார்த்திருக்க மாட்டே. அந்தக் கோயிலுக்கு மூலம் துபுவான்னு ஒரு பிரெஞ்சு சாமியார் கட்டின சிற்றாலயம்னு சொல்லுவாங்க. 1792-ல வந்தவர், 31 வருசம் இங்கேயே இருந்தார், நம்ம உடுப்பு, நம்ம சாப்பாடு. அவருக்கு எந்த அம்மாவும் 24 கதவுப் பெட்டி அனுப்பலை. எழுதிப் போட்டா கடுதாசி வந்து சேரவே மாசக்கணக்காகும்.

உனக்குக் கையிலேயே போன் இருக்கு, அங்கதான் வம்பு. இங்க நடுராத்திரி பன்னெண்டு அடிக்கும்போது உங்க ஊர்ல சாயங்காலம் ஏழரை. பாப்பா கணக்குப் போட்டுச் சொன்னா. உங்க வீட்டுல சரியா அப்பத்தான் எல்லாரும் மரத்தடியில உட்கார்ந்து பரிசு பிரிப்பாங்களாம். நீ அப்ப போன் போட்டே, தொலைஞ்சே. அந்தப் பக்கம் அம்மா அழும், இந்தப் பக்கம் நீ அழுவே, நடுவுல என் கூட்டாளி வீட்டுக்காரி, கல்கல் சரியா வேகலையோன்னு தானும் அழும். மறுநாள் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுட்டுப் போடு. வயிறு நிறைஞ்சவன் குரல்ல ஏக்கம் நிக்காது, உங்கம்மாவும் நிம்மதியாத் தூங்குவாங்க.

புது வருச ராத்திரி பிரிகேட் ரோடு பக்கம் தலை வச்சும் படுக்காதே. அவ்வளவுதான் அதுக்கு.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போறேன். நீயும் வர்றே. ஓசூர் வழியா ரயில் இருக்கு. இந்த ஊரை விட்டு வெளியூர் போகணும்னா உங்க அம்மா அப்பாவும் ரோட்டரிக்காரங்களும் எழுத்துல சம்மதம் குடுக்கணுமாமே, இப்பவே எழுதிப் போட்டுடு. எதுக்குப் போறேன்னு கேட்டா, பண்பாடு, பாரம்பரியம்னெல்லாம் எழுதாதே, சந்தேகம் வரும். ரெண்டு எருது, ஒரு பசு, மொத்தம் ஆறு கொம்பு, பெயின்ட் அடிக்க ஆள் இல்லைன்னு எழுது. நீல டப்பா நான் வாங்கி வச்சுட்டேன். சிவப்பு உன் செலவு.